உப்புக்காற்றும் மீட்டர் விளக்கும்

தூத்துக்குடியில் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, மீட்டர்ல லைட் எரியுது, ஓட்டலாமா?" நானும் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: "என்ன கலர்?" சிவப்பு என்றால் அங்கேயே ஓரங்கட்டச் சொல்லிவிடுவேன். மஞ்சள் என்றால், வண்டி இழுக்கிறதா, உதறுகிறதா, வாடை அடிக்கிறதா என்று விசாரிப்பேன். ஒன்றும் இல்லையென்றால் மெதுவாக வீடு வந்து சேரலாம். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு நான் வந்து பார்ப்பது அதற்குப் பிறகு.

சிவப்பில் ஆட்கள் அதிகம் அலட்சியம் செய்வது ஆயில் கேன் படத்தை. ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கும், அடுத்த பங்கில் ஊற்றிக்கொள்ளலாம் என்று ஓட்டுகிறார்கள். அந்த விளக்கு ஆயிலின் அளவைப் பார்ப்பதில்லை, அழுத்தத்தைப் பார்க்கிறது. அழுத்தம் போன எஞ்சினில் பேரிங்குகள் சில நிமிடங்களில் தீய்ந்துவிடும். எட்டயபுரம் தாண்டி ஆளில்லாத ரோட்டில் எரிந்தாலும் எஞ்சினை நிறுத்தத்தான் வேண்டும். பேட்டரி படம் எரிந்தால் பானட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அது அறுந்திருந்தால் அடுத்தபடியாக எஞ்சின் கொதிக்கும். பெல்ட் இருந்தால், ஏசியை அணைத்துவிட்டு அருகில் உள்ள ஒர்க் ஷாப் வரை போய்விடலாம்.

மஞ்சளில் ஒன்றே ஒன்று அவசரம். செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால், ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக் கெடுக்கும். காயில் மாற்றுவதோடு முடியவேண்டிய செலவு பல மடங்காகிவிடும்.

இனி ஸ்கேனரில் வரும் கோடு (code) விஷயம். 2013-க்குப் பிறகு வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகினால் பி0300, பி0420 என்று எண்கள் வரும். அந்த எண்ணைப் பார்த்ததும் பார்ட்டை மாற்றச் சொல்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. கம்ப்யூட்டர் எதிர்பார்த்த வரம்புக்குள் ஏதோ ஒரு அளவீடு வரவில்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். கெட்டது சென்சரா, வயரா, கப்ளரா, எர்த்தா என்று அது சொல்லாது. நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது கடைசி இரண்டையும்தான். உப்பளங்களும் கடலும் சூழ்ந்த ஊர் இது. காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டு செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பாக ஏறுகிறது.

முத்தையாபுரம் பக்கம் ஒரு டிராவல்ஸ் கார். ஏபிஎஸ், பவர் ஸ்டீயரிங், செக் எஞ்சின் மூன்றும் ஒன்றாக எரிந்தன. வேறிடத்தில் ஏபிஎஸ் மாட்யூலையே மாற்றவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சம்பந்தமில்லாத மூன்று பாகங்கள் ஒரே நாளில் கெடுவது மிக அரிது. அவற்றுக்குப் பொதுவானது கரண்ட். ஸ்கேனரிலும் பி0562, அதாவது வோல்டேஜ் குறைவு என்ற கோடு நின்றது. பேட்டரியோ 12.6 வோல்ட், நல்ல நிலை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, டிரைவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். இந்த இடத்தில் அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது. இங்கே இரண்டுக்கு மேல் ஓடியது. பேட்டரி தட்டைக் கழற்றினால் அடியில் எர்த் போல்ட்டைச் சுற்றி ஒரே களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மூன்று விளக்கும் அணைந்தன. எண்ணெய்ப் பசை இருந்தால் உப்பு ஈரம் உள்ளே புகாது. வருஷத்துக்கு ஒருமுறை இதை எல்லோரும் செய்துகொள்ளலாம்.

திரேஸ்புரத்தில் மீன் ஏற்றும் குட்டி வண்டிகளின் நிலைமை இன்னும் மோசம். ஐஸ் உருகிய மீன்தண்ணீர் தளத்தின் இடுக்கு வழியாகச் சொட்டிப் பின்பக்க வயரிங்கிலேயே விழுகிறது. லோடு இறக்கியதும் நல்லதண்ணீரால் அடிப்பாகத்தையும் கழுவுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்லி வருகிறேன்.

துறைமுகத்துக்கு வரும் பிஎஸ்-6 லாரிகளில் ஆட்ப்ளூ விளக்கு வேறு. ஆட்ப்ளூ என்பது சுத்தமான யூரியா 32.5 சதவீதமும், தாது நீக்கிய தண்ணீரும் சேர்ந்த திரவம். ஸ்பிக் உர ஆலை இருக்கும் ஊரில் யூரியாவுக்கா பஞ்சம் என்று உரமூட்டையைக் கரைத்து ஊற்றும் யோசனை சிலருக்கு வருகிறது. தயவுசெய்து வேண்டாம். வயலுக்குப் போகும் யூரியா வேப்பெண்ணெய் பூசியது. போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது. இரண்டும் இன்ஜெக்டரை அடைத்து, சைலன்சருக்குள் கல்லாகப் படியும். பிறகு எஞ்சின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். லோடோடு நடுரோட்டில் திணற வேண்டியதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டியில் சாவியையே திருப்பக்கூடாது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பல கார்களில் ஏர்பேக் கம்ப்யூட்டர் கியருக்கு அடியில், தரையோடு ஒட்டி இருக்கிறது. தண்ணீர் உள்ளே ஏறிய வண்டியில் அது தப்புவது கடினம். காய்ந்து ஓடத் தொடங்கிய பிறகும் வயருக்குள் ஊறிய ஈரம் மாதக்கணக்கில் வேலை செய்யும்.

பழைய கார் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முதலில் அந்த வண்டியை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கோடு ஒன்றும் இல்லை என்றதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள்; கோடுகளை அழித்தபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பல கார்களில் ஸ்கேனர் காட்டும். முந்தின நாள் அழித்திருந்தால் அதில் தெரிந்துவிடும். ஸ்கேனர் இல்லாமலும் ஒரு சோதனை உண்டு. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் பழுது. செலவைக் கணக்குப் போட்டு விலை பேசலாம். எரியவே இல்லையென்றால், விளக்கையே யாரோ துண்டித்திருக்க வாய்ப்புண்டு. அந்த வண்டி வேண்டாம்.