தென்காசி இளம் நிரலருக்கு: அனுமதிப் பட்டியல் குறித்து

அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒவ்வொரு தரவோடும் சேர்ந்தே இருப்பது; யார் அதைப் பார்க்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்று வரிவரியாகச் சொல்வது. குற்றாலம் விடுதிகளின் முன்பதிவுச் செயலிக்காகத் தென்காசி இளம் நிரலர் எழுதியுள்ள வடிவமைப்பு இந்த அடிப்படையைச் சரியாகவே பிடித்திருக்கிறது. அதில் உறுத்துபவை இரண்டு.

முதலாவது, வாடகையை மாற்றும் உரிமையை ஆட்களின் பெயருக்கே எழுதியிருப்பது. குற்றாலத்தில் சீசன் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. சாரல் ஓய்ந்ததும் சீசனுக்கு எடுத்த ஆட்கள் போய்விடுவார்கள், பெயர்கள் போகா. பட்டியல் தரவின் பக்கம் நிற்பதால், ஓர் அறையை யார் யார் தொடலாம் என்பதை உடனே சொல்லும். ஓர் ஆள் எதையெல்லாம் தொடலாம் என்று கேட்டால் எல்லாப் பட்டியலையும் துழாவ வேண்டும். பட்லர் லாம்ப்சன் 1971இல் அணுகல் உரிமைகளை ஒரே அட்டவணையாக வரைந்தபோதே இது தெளிவானது: ஆட்கள் கிடைவரிசை, தரவுகள் நெடுவரிசை, பட்டியல் என்பது ஒரு நெடுவரிசை மட்டுமே. ஆகவே பட்டியலில் எழுத வேண்டியது மேலாளர், வரவேற்பாளர், கணக்கர் என்ற பொறுப்புகளை. ஃபெராயோலோவும் குன்னும் 1992இல் முறைப்படுத்தியது இதைத்தான். தென்காசிக்குப் பக்கத்திலேயே, மத்தளம்பாறையில் உருவான ஜோஹோ டெஸ்க், என்ன செய்யலாம் என்பதைப் ‘புரொஃபைல்’ என்றும், யாருடைய பதிவுகளைப் பார்க்கலாம் என்பதை ‘ரோல்’ என்றும் பிரித்து வைத்திருக்கிறது. சீசன் ஆட்களுக்குப் பொறுப்போடு கெடு தேதியும் வேண்டும். ஆகஸ்ட் 31 கழிந்தால் உரிமை தானாகவே நீங்கிவிட வேண்டும்.

இரண்டாவதுதான் பொறுக்க முடியாதது: பட்டியலில் வரி இல்லையென்றால் எல்லோருக்கும் அனுமதி என்ற விதி. விண்டோஸில் பட்டியலே இணைக்கப்படாத பொருள் எல்லோருக்கும் திறந்திருக்கும். இணைத்த பட்டியல் காலியாக இருந்தால் வந்தவர் யாருக்கும் அனுமதி கிடையாது. வடிவமைப்பு இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இலேயே மறுப்பே இயல்பு நிலையாக இருக்க வேண்டும் என்று வகுத்துவிட்டார்கள். காரணம் எளிது. உரியவருக்கு அனுமதி தர மறந்தால் அடுத்த நிமிடமே ஃபோன் வரும். உரிமை இல்லாதவருக்குத் திறந்துவிட்டால் யாரும் ஃபோன் செய்து சொல்லமாட்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில் யூனிக்ஸ் பழகியவர்களுக்கு இந்த எரிச்சல் பழையது. அங்கே ஒரு கோப்புக்கு ஒன்பது பிட்தான்: உடையவர், குழு, மற்றவர், ஒவ்வொருவருக்கும் படிக்க, எழுத, இயக்க. நிரல் ஓட மறுத்தால் 777 போட்டுவிட்டு டீக்கடைக்குப் போவதே அன்றைய வைத்தியம். அதற்கு முந்திய மல்டிக்ஸில் முழுமையான பட்டியல்கள் இருந்தன. அந்தத் திட்டத்திலிருந்து வெளியேறி யூனிக்ஸை எழுதியவர்கள் எளிமைக்காகக் கைவிட்டதை, பின்னாளில் யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகள் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துக்கொண்டன.

மீதி வடிவமைப்பு அருமை. திரையில் பொத்தானை மறைப்பதோடு நிற்காமல், ஒவ்வொரு கோரிக்கையிலும் சர்வரே உரிமையைச் சோதிக்கிறது. அனுபவசாலிகளே கோட்டைவிடும் இடம் இது. வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் 2021இல் வெளியிட்ட வலைச் செயலிகளின் பத்து அபாயங்களில் அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறுதான் முதலிடம். பட்டியலை யார், எப்போது மாற்றினார் என்ற பதிவேடும் இருக்கிறது. பெயர்களைப் பொறுப்புகளாக்கி, அந்த ஒற்றை விதியைத் திருப்பிப் போட்டால், வருகிற சீசனுக்கே செயலியை விடுதிகளுக்குக் கொடுக்கலாம்.