விலையின்றிக் கிடைக்கும் கல்லூரிப் பாடநூல்கள்

திண்டுக்கல் சமவெளியில் பூவும் வெங்காயமும் மக்காச்சோளமும் பயிரிட்டு வாழும் குடும்பங்களிலிருந்து இன்று பிள்ளைகள் பலர் கல்லூரிக்குச் செல்லுகின்றனர். கல்லூரியில் இடம் கிடைத்ததும் கவலை தீர்ந்ததெனப் பெற்றோர் கருதுகின்றனர். புத்தகச் செலவு பின்னரே தெரிகிறது. பருவத்திற்கு ஐந்தாறு பாடங்கள். ஆங்கில நூலொன்றின் விலையோ சில நாட்கூலியை விழுங்கிவிடும். ஆதலின் நகலெடுத்த குறிப்புகளை மனனம் செய்தே பலர் தேர்வெழுதுகின்றனர். அவர்கள் தேர்வில் தேறலாம். பாடத்தில் தேறினர் என்று கூற நமக்கு மனம் வரவில்லை.

இக்குறையைப் பெரிதும் போக்கவல்லவை திறந்த கல்வி வளங்கள். 2002-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் இப்பெயர் வழங்கலாயிற்று. ஆசிரியர் தம் உரிமையை வைத்துக்கொண்டே, தம் நூலை எவரும் படிக்கவும் படியெடுக்கவும் முன்னதாகவே இசைவு அளித்துவிடுகிறார். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் 2012 முதல் இவ்வாறே கல்லூரி நூல்களை வெளியிட்டு வருகிறது. ஆனால் காசின்றிப் படிக்கலாம் என்பது வேறு, அச்சிட்டு வழங்கலாம் என்பது வேறு. நூலின் முற்பக்கத்திலுள்ள உரிமக் குறிப்பைப் படித்த பின்னரே அச்சிட வேண்டும்.

நம் நாட்டில் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் என்.பி.டி.இ.எல். என்னும் பாடத் திட்டத்தைத் தொடங்கின. முதுகலை மாணவருக்கு இ-பி.ஜி. பாடசாலை உண்டு. 2017-இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடம் இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெறக் கட்டணம் உண்டு. கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்தும் தேசிய மின் நூலகத்தில் இத்தகைய பலவற்றை ஒரே இடத்தில் தேடலாம்.

இவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழி பயின்று வந்த பிள்ளைக்கு இதுவே பெருந்தடை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், முன்னாளில் தமிழில் வெளிவந்த கல்லூரிப் பாடநூல்கள் பல உள்ளன. அறிவியற் செய்திகள் பழையனவாயிருப்பினும், கருத்தை முதலில் தாய்மொழியில் விளங்கிக்கொள்ள அவை உதவும். அவற்றைப் படித்துவிட்டு ஆங்கில நூலை எடுப்பவருக்குப் பாதிச் சுமை குறையும்.

இதில் பஞ்சாயத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் சின்னாளபட்டியருகே காந்திகிராமத்தை நிறுவினர். 1956-இல் அங்குக் கிராமிய உயர்கல்வி நிலையம் எழுந்தது. உயர்கல்வி கிராமத்தை நாடி வரவேண்டும் என்னும் எண்ணம் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. 2006-க்குப் பின் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊர்தோறும் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. பூட்டிய கட்டடத்தில் எந்நூலும் பயன்படாது. மாலை இரண்டு மணி நேரம் திறந்து, ஒரு கணினியும் அச்சுப்பொறியும் வைத்தாற் போதும். காட்சிப் பாடங்கள் இணைய அளவை மிகுதியாகத் தின்னும். எழுத்து நூலையோ ஒருமுறை இறக்கிக்கொண்டால் பின்னர் இணையமின்றியே படிக்கலாம்.

பருவத் தொடக்கத்தில் கல்லூரி மாணவர் தத்தம் பாடத்திட்டத்தை நூலகத்தில் கொடுக்கட்டும். அதற்கேற்ற நூல்களை இறக்கி வைக்கும் பணியை மூத்த மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அச்சுத் தாளுக்கும் மையிற்கும் ஆகும் செலவை அடுத்த கிராம சபையிலேயே வைத்துப் பேசலாம்.