நம்பிக்கைகளும் உண்மைகளும்: சர்வரில் இல்லாத மாட்யூல்

சர்வரில் ஒரு மாட்யூல் நிறுவப்படவில்லை என்றால், ஹோஸ்டிங் நிறுவனம் மனம் வைக்கும்வரை அதைத் தொட முடியாது என்பது பரவலான நம்பிக்கை. இது பாதிதான் சரி. அந்த மாட்யூல் எதில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

தேவாரப் பாடல் பெற்ற ஊர்களைப் பட்டியலிடும் தளம் ஒன்று, காஞ்சிபுரம் பக்கத்து மாகறலின் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ண வேண்டியிருப்பதாகக் கொள்ளலாம். பிஎச்பியில் நீளம் காணும் சாதாரண ஃபங்ஷன் 18 என்கிறது. அது பைட் கணக்கு. எம்பிஸ்ட்ரிங் எக்ஸ்டென்ஷன் துணைக்காலையும் புள்ளியையும் தனியே எண்ணி 6 என்கிறது. மா, க, ற, ல் என 4 சொல்வது இன்டில் எக்ஸ்டென்ஷன். அது சி, சி++ மொழிகளில் எழுதி கம்பைல் செய்யப்பட்டது. பலர் பகிரும் வாடகை சர்வரில் வாடிக்கையாளர் தாமாகச் சேர்க்கப் பெரும்பாலும் வழியில்லை. ஆனால் அதன் எழுத்து எண்ணும் ஃபங்ஷன்களை முழுக்க பிஎச்பியிலேயே எழுதிய சிம்ஃபொனி பாலிஃபில் இருக்கிறது. பிஎச்பி நூலகங்களை இறக்கித் தரும் கம்போசர் வழியாகச் சொந்தக் கணினியில் இறக்கி, அது உருவாக்கும் வெண்டர் ஃபோல்டரை அப்படியே சர்வரில் ஏற்றி, அதிலுள்ள ஆட்டோலோட் கோப்பை ஸ்கிரிப்டில் சேர்த்தால் போதும். வேகம் சற்றுக் குறையும், விடை அதே 4.

பைத்தானிலும் இதே கதைதான். தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நூலகம் முழுக்கப் பைத்தானில் எழுதப்பட்டதால், சொந்த ஃபோல்டரில் வைத்து மாட்யூல் தேடும் பாதையில் அந்த ஃபோல்டரைச் சேர்த்தாலே இயங்கும். இதை ஒழுங்காகச் செய்ய 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்தே, தனிச் சூழல் அமைத்துத் தரும் வென்வ் வசதி உண்டு.

‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்ற பிழைச்செய்தி வந்தாலே மாட்யூல் இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. தேடும் பாதையில் இல்லை என்பதே அதன் பொருள். டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் உலாவியில் விழுந்துவிடுவதற்கு, பெரும்பாலும் வலைச் சர்வர் வேறொரு பயனர் கணக்கில் இயங்குவதே காரணம். ஒருவருடைய ஹோம் ஃபோல்டரில் நிறுவியது இன்னொரு கணக்குக்குத் தெரியாது. பெர்ல் மொழி 2017இல், 5.26 பதிப்பில், நடப்பு ஃபோல்டரைத் தேடும் பாதையிலிருந்து பாதுகாப்புக்காக நீக்கியது. பக்கத்திலேயே மாட்யூலை வைத்திருந்த பழைய ஸ்கிரிப்ட்கள் அதன்பின் முரண்டு பிடித்தன. ‘யூஸ் லிப்’ என்ற ஒரு வரியில் ஃபோல்டரின் முழுப் பாதையைத் தருவதே இதற்கு மருந்து.

எந்த மாட்யூலையும் நகலெடுத்து ஏற்றிவிடலாம் என்பது எதிர்ப்பக்க மூடநம்பிக்கை. விண்டோஸ் கணினியில் கம்பைல் ஆன பகுதி லினக்ஸ் சர்வரில் ஓடாது. பைத்தான் பதிப்பு மாறினாலும் சிக்கல் வரலாம்.

ஏற்றும் இடமும் முக்கியம். பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவியின் பழைய பதிப்புகளில், வெளியிலிருந்து அனுப்பும் நிரலை அப்படியே இயக்கிவிடும் கோப்பு ஒன்று இருந்தது. 2017இல் அது பாதுகாப்புக் குறையாகப் பதிவானது. வெண்டர் ஃபோல்டரைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைத்திருந்த தளங்களே அதில் மாட்டிக்கொண்டன. அதனால் மாட்யூல்களைப் உலாவிக்குத் திறந்திருக்கும் பப்ளிக்-எச்டிஎம்எல் ஃபோல்டருக்கு வெளியே வைப்பது வழக்கம். அவற்றைப் புதுப்பிப்பதும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் வேலை அல்ல, ஏற்றியவரின் வேலை.