லேபிள் பார்க்காமல் சுருட்டை ருசிக்க

சுருட்டில் கியூபா லேபிளைப் பார்த்துவிட்டால் நாக்கு நடுநிலை தவறிவிடும். அன்று புகைக்காத ஒருவர் மேல் இலை கிழியாமல் லேபிள் வளையங்களைக் கழற்றி, எண் எழுதிய தாளைச் சுற்றித் தரட்டும். நீளமும் பருமனும் ஒன்றாக இருக்கட்டும். பருமன் மாறினால் ருசியும் மாறும்.

முக்கியமாக, பேசாமல் எழுதுங்கள். ஒருவர் "மிளகு வாசம்" என்றுவிட்டால் எல்லோருக்கும் மிளகுதான் தெரியும். முதல், நடு, கடைசிப் பகுதிகளுக்குத் தனித்தனிக் குறிப்பு வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அவசரப்பட்டால் சூடேறிக் கசக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் அபாயம் உண்டு. அதனால் ஓர் அமர்வுக்கு ஒன்றுதான், அடுத்தது வேறொரு நாள். ஒரே ரகத்தை இரண்டு எண்களில் கலந்து வைப்பது மிக நல்லது. அவை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் தருபவரின் குறிப்பை நம்பலாம்.