ஸ்கிரீன்சேவர் போட சிஸ்டம் ஃபோல்டருக்குள் போக வேண்டுமா?

பிடித்த ஸ்கிரீன்சேவர் ஒன்றைக் கணினியில் போட வழி கேட்டால், "சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32-க்குள் காப்பி பண்ணு" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அதைச் சுற்றிப் பல நம்பிக்கைகள் வளர்ந்திருக்கின்றன. பலவற்றால் நேரம்தான் வீணாகும். ஒன்று மட்டும் உண்மையிலேயே ஆபத்தானது.

நம்பிக்கை: சிஸ்டம்32-இல் வைத்தால்தான் ஓடும்.

அங்கே வைத்தால் தேர்வுப் பட்டியலில் அதன் பெயர் எப்போதும் இருக்கும். அதற்காக அது கட்டாயம் இல்லை. எஸ்சிஆர் என முடியும் ஃபைல் எங்கே இருந்தாலும், ரைட் கிளிக் செய்தால் 'இன்ஸ்டால்' என்று வரும். விண்டோஸ் 11-இல் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் பாருங்கள். இன்ஸ்டால் கொடுத்தாலும் ஃபைல் இடம் மாறாது. அது இருக்கும் இடத்தை விண்டோஸ் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் டவுன்லோட்ஸில் வைத்தே இன்ஸ்டால் செய்துவிட்டு, பிறகு அங்கே சுத்தம் செய்தால் ஸ்கிரீன்சேவரும் போய்விடும்.

நம்பிக்கை: 64 பிட் கணினிக்கு, 64 என்று பெயருள்ள ஃபோல்டர்தான் சரி.

நேர் எதிர். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32-க்குள் இருப்பவை 64 பிட் ஃபைல்கள். சிஸ்வாவ்64-க்குள் இருப்பவை 32 பிட் ஃபைல்கள். ஏராளமான புரோகிராம்களில் சிஸ்டம்32 என்ற பாதை அப்படியே எழுதப்பட்டிருந்ததால், மைக்ரோசாஃப்ட் அந்தப் பெயரைக் கடைசிவரை மாற்றவில்லை. இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 32 பிட் இன்ஸ்டாலர் ஒன்று சிஸ்டம்32-இல் எழுத முயன்றால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64-க்குத் திருப்பிவிடும். "இன்ஸ்டால் ஆனது, ஆனால் ஃபைலைக் காணோம்" என்று பலர் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்பிக்கை: ஸ்கிரீன்சேவர் என்பது படம்தானே, அதில் என்ன ஆபத்து?

ஆபத்தான நம்பிக்கை இதுதான். எஸ்சிஆர் ஃபைல் படம் அல்ல, வீடியோவும் அல்ல. எக்ஸ்இ போலவே அது ஒரு முழுமையான புரோகிராம். எக்ஸ்டென்ஷன் மட்டும்தான் வேறு. வீடியோவை எஸ்சிஆர் என்று பெயர் மாற்றினால் ஓடாததற்கும் காரணம் அதுவே. எக்ஸ்இ செய்யக்கூடிய எதையும் எஸ்சிஆர் செய்யும்: உங்கள் ஃபைல்களைப் படிக்கலாம், அழிக்கலாம், வெளியே அனுப்பலாம்.

விண்டோஸ் வழக்கமாக எக்ஸ்டென்ஷனை மறைத்தே காட்டும். 'கல்யாணம்.ஜேபிஜி.எஸ்சிஆர்' என்ற ஃபைல், 'கல்யாணம்.ஜேபிஜி' என்று மட்டுமே கண்ணில் படும். ஐகானையும் புகைப்படம் போல வைத்துவிட்டால், டபுள் கிளிக் செய்யாமல் யார் இருப்பார்கள்? வைரஸ் பரப்புகிறவர்கள் பல வருடங்களாகக் கையாளும் தந்திரம் இது. எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை இன்றே டிக் செய்து வையுங்கள். யார் எழுதியது என்று தெரியாத எஸ்சிஆர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நம்பிக்கை: சிஸ்டம்32-இல் வைக்கும்போது 'பர்மிஷன் இல்லை' என்று வந்தால், அந்த ஃபோல்டரின் ஓனர்ஷிப்பை மாற்ற வேண்டும்.

தயவுசெய்து செய்யாதீர்கள். புது ஃபைல் ஒன்றை உள்ளே வைக்க அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியே போதும். 'கன்டினியூ' கேட்கும், கொடுத்தால் முடிந்தது. ஓனர்ஷிப்பை மாற்றினால் விண்டோஸ் தன் ஃபைல்களுக்குப் போட்டிருக்கும் காவலை நாமே எடுத்துவிடுகிறோம்.

மேக்கிலும் சிஸ்டம் பக்கம் போக வேலையில்லை. 'சேவர்' என முடியும் ஃபைலை டபுள் கிளிக் செய்தாலே நிறுவட்டுமா என்று கேட்கும். அது போய்ச் சேரும் லைப்ரரி ஃபோல்டரை ஆப்பிள் 2011 முதல் மறைத்து வைத்திருக்கிறது. ஃபைண்டரின் 'கோ' மெனுவைத் திறந்து ஆப்ஷன் கீயை அழுத்தினால் தெரியும்.

குடும்பப் படங்கள் மாறி மாறி ஓட வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால், எதையும் டவுன்லோட் செய்ய வேண்டாம். விண்டோஸின் ஸ்கிரீன்சேவர் பட்டியலிலேயே 'போட்டோஸ்' இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து, 'செட்டிங்ஸ்' போய் உங்கள் படங்கள் இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள்.