வாசலுக்கு எந்தக் கல், தோட்டத்துக்கு எந்தக் கல்?

வீட்டு வேலை முடியப்போகிறது, வெளியே தரைக்கு என்ன கல் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கடைக்குக் கிளம்புமுன் இதைப் படித்துவிடு கண்ணு. கடையில் எல்லாக் கல்லும் அழகாகத்தான் தெரியும். அங்கே கல் நிழலில் காய்ந்து கிடக்கும், நீயும் செருப்புப் போட்டிருப்பாய். உன் வீட்டில் அதே கல் ஐப்பசி மழையில் ஊறும், சித்திரை வெயிலில் கொதிக்கும், அதன்மேல் அம்மா மூட்டுவலியோடு வெறுங்காலில் துளசிமாடம் வரை நடக்க வேண்டும். அதனால் எங்கே யார் நடப்பார்கள், எங்கே வண்டி ஏறும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை முதலில் ஒரு தாளில் வரைந்துகொள். வீட்டைச் சுற்றி ஒரே கல்லைப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை பேவர் பிளாக் போடு. அந்த இடத்துக்கு அடியில்தான் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், கரண்ட் கேபிள் எல்லாம் போகும். என்றைக்காவது குழாய் கசிந்தால் நாலு வரிசைக் கல்லை எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். கான்கிரீட்டையோ டைல்ஸையோ உடைத்தால் ஒட்டுப்போட்ட இடம் கடைசிவரை கண்ணை உறுத்தும். கார் மட்டும் ஏறினால் 60 மி.மீ. கனம் போதும். சம்ப்புக்குத் தண்ணீர் லாரி உள்ளே வரும் என்றால் 80 மி.மீ. வாங்கு. "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று கடையில் சொன்னால் ஸ்கேலை வைத்து அளந்து பார்.

பேவரில் ரப்பர் அச்சில் வார்த்து எடுப்பது உண்டு, மெஷினில் அழுத்திச் செய்வதும் உண்டு. அச்சில் வார்த்தது பளபளவென்று இருக்கும். மாப்பிள்ளைக்கு அதுதான் பிடிக்கும், எனக்குத் தெரியும். ஆனால் நனைந்தால் வழுக்கும். மெஷின் கல் சொரசொரப்பாக இருக்கும், அதையே எடுங்கள். இரண்டு கல்லைக் கையில் எடுத்துத் தட்டிப் பார். கணீரென்று கேட்க வேண்டும். தொப்பென்று கேட்டால் சரியாகத் தண்ணீர் காட்டாத கல். ஓரத்தை ஆணியால் கீறு, மாவாக உதிர்ந்தால் வேண்டாம். உடைந்த கல் ஒன்று கிடந்தால் எடுத்து உள்ளே பார்: மேல் கலர் அடுக்கு எவ்வளவு கனம் என்பது தெரிந்துவிடும். பூச்சு மாதிரி மெலிதாக இருந்தால் டயர் பட்டுத் தேய்ந்து உள்ளே இருக்கும் சாம்பல் நிறம் வெளியே வரும்.

இன்னொரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். சாம்பிளாக வாங்கி வந்த கல்லை நன்றாக வெயிலில் காயவைத்து சமையலறைத் தராசில் எடை போடு. ஒருநாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடை பார். பேவருக்கான ஐ.எஸ். 15658 தரப்படி சராசரி நீர் உறிஞ்சல் 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 8-க்கு 4 அங்குலக் கல் 60 மி.மீ. கனத்தில் மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். 170 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் அந்த லோடு வேண்டாம் என்று சொல்லிவிடு. தண்ணீர் குடிக்கும் கல்லில்தான் பாசி சீக்கிரம் பிடிக்கும், உப்பும் அதிகம் பூக்கும்.

வாசல்படிக்கு முன்னால் மட்டும் பேவர் வேண்டாம். கோலம் போடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் மாவு உள்ளே இறங்கி, இழை அறுந்து அறுந்து வரும். நாலடிக்கு நாலடி இடத்தை ஒதுக்கி, பாலிஷ் போடாத கடப்பா கல்லைப் பதித்துவிடு. கறுப்புக் கல்லில் வெள்ளை மாவு எடுப்பாகத் தெரியும். மார்கழிக்கு எட்டடிக் கோலம் போடும் ஆசை இருந்தால் அந்த அளவுக்கே இடம் விடு.

தோட்டத்து நடைபாதைக்குக் கறுப்புக் கடப்பா கூடாது. மே மாத மத்தியானத்தில் அதன்மேல் வெறுங்கால் வைக்க முடியாது. வெளிர்நிறத் தாண்டூர் கல்லோ, சாம்பல் நிறக் கிரானைட்டோ நல்லது. கிரானைட் என்றால் ஃபிளேம்டு பினிஷ் கேள். நெருப்புக் காட்டி மேற்பரப்பைப் பொரியவைத்திருப்பார்கள், கால் பிடித்து நிற்கும். தாண்டூர், கோட்டா, ஷாபாத், கடப்பா நாலுமே சுண்ணாம்புக்கல் இனம். பாத்ரூம் கழுவும் ஆசிட் பட்டால் நுரைத்து, மேல்தோல் போய்விடும். புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும்கூடத் தடம் விடும். வெளியே உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குக் கிரானைட் போடு. 20 மி.மீ. பலகைக் கல்லை வெறும் மணலில் பதிக்க விடாதே. மிதிபட்டு நடுவில் விரிந்துவிடும். அடியில் கான்கிரீட் இருந்தால் அந்தக் கனம் சரி. மணலில் என்றால் இரண்டு அங்குலக் கல் வேண்டும்.

புல்லுக்கு நடுவே தனித்தனிக் கல் வைக்க ஆசையென்றால், வைக்குமுன் அம்மாவைப் புடவையோடு அங்கே நடக்கச் சொல். அவர் கால் விழும் இடத்தில் சாக்பீஸால் குறி. படத்தில் பார்த்த இடைவெளியில் வைத்தால் பெரியவர்களுக்கு ஒவ்வொரு அடியும் தாண்டலாகிவிடும். பாதை மூன்றடி அகலம் இருக்கட்டும். நாளைக்கு ஒரு சக்கர நாற்காலி வந்தாலும் போகும். கூழாங்கல்லை நடக்கும் பாதையில் கொட்டாதே, செடி ஓரத்தில் போடு. ஆத்தங்குடி டைல்ஸ் திண்ணைக்கும் ஹாலுக்கும் ராஜா. வெட்டவெளி வெயிலுக்கும் மழைக்கும் அதைக் கொண்டுபோய்ப் போடாதே.

இனி சொல்வது கல்லைவிட முக்கியம். முக்கால்வாசி தரை அமுங்குவதற்குக் கல் காரணமில்லை, அடிவேலைதான் காரணம். மேல்மண்ணை வேரோடு வெட்டி எடுத்து, மண்ணை இறுக்கி, நாலிலிருந்து ஆறு அங்குலத்துக்கு ஜல்லியும் கிரஷர் தூளும் கலந்து கொட்டி, மெஷின் வைத்து அடிக்கச் சொல். களிமண் பூமி என்றால் ஆறு அங்குலத்துக்குக் குறையவே கூடாது. தண்ணீர் விட்டால் தானாக இறங்கிவிடும் என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. அதன்மேல் ஓர் அங்குலம் எம்-சாண்ட், அதன்மேல் கல். பள்ளத்தை மணலைக் கொட்டிச் சமன் செய்ய விட்டால் முதல் மழைக்காலத்திலேயே அங்கே குழி விழும். ஓரத்தில் கர்ப் கல்லைக் கான்கிரீட்டில் நிறுத்த வேண்டும். அது இல்லையென்றால் கார் திரும்பத் திரும்ப வரிசை விலகிப் பிளந்துகொண்டே போகும். கடைசியாக இணைப்புகளில் நைஸ் மணலைப் பெருக்கி நிரப்பி இன்னொரு தடவை மெஷின் ஓட்ட வேண்டும். சிமென்ட் பால் ஊற்றி அடைக்க விடாதே, தண்ணீர் இறங்கும் வழி அதுதான்.

வாட்டம் பத்தடிக்கு இரண்டு அங்குலம், வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக. தரை மட்டம் பேஸ்மட்டத்துக்கு ஆறு அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். மேலே ஏறினால் சுவரில் ஓதம் அடிக்கும். ஜல்லி அடித்து முடித்ததும் ட்யூப் மட்டம் பிடிக்கும்போது நீயும் கூடவே நில். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்த பிறகே கல் பதிக்கச் சொல். தண்ணீர் மழைநீர்க் குழிக்குப் போகட்டும். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. ஆனாலும் காம்பவுண்டு முழுக்கச் சிமென்ட் பூசி, மொத்தத் தண்ணீரையும் தெருவுக்குத் தள்ளும் வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கோடையில் போர் வற்றியது என்று அவர்களே லாரிக்கு நிற்கிறார்கள். தென்னைக்கும் மாமரத்துக்கும் அடியைச் சுற்றி மூன்றடி மண்ணாகவே விடு. மூச்சுவிட இடமில்லாத வேர் கல்லைத் தூக்கும்.

பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் கரைசலும் தென்னந்துடைப்பமும் போதும், செடிப்பக்கம் வழியாமல் பார்த்துக்கொள். புது பேவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்படாதே, காய்ந்த துடைப்பத்தால் தேய்த்து விடு, போகப்போகக் குறையும்.

கொட்டேஷனில் கல்லின் கனம், ஜல்லி எத்தனை அங்குலம், கர்ப் கல் உண்டா என்று எல்லாம் எழுதி வாங்கு. கணக்குக்கு மேல் நூற்றுக்குப் பத்து கல் கூடுதலாக ஒரே லோடில் எடு. அடுத்த லோடில் நிறம் மாறிவிடும். மீந்த கல்லை ஷெட்டுக்குள் பூட்டி வைக்காமல் பின்பக்கம் வெட்டவெளியில் அடுக்கி வை. அதுவும் சேர்ந்து வெயில் மழை பட்டிருந்தால், பிறகு மாற்றும்போது பழைய தரையோடு நிறம் ஒத்துப்போகும்.