அறுநூறு மில்லிமீட்டர் மாயை

"சார், அறுநூறு இல்லாம முதுமலைக்குப் போயி என்ன சார் எடுக்கிறது?"

புகைப்பட வகுப்பு எடுக்கிற எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேட்கிறவர் கையில் நல்ல கேமரா இருக்கும், 70-300 ஜூம் லென்ஸும் இருக்கும். சனி, ஞாயிறோடு ஒரு நாள் சேர்த்து விடுப்புக்கூட வாங்கியிருப்பார். ஆனால் 600 மி.மீ. லென்ஸ் இல்லாமல் காட்டுக்குப் போவது வீண் செலவு என்று யாரோ அவர் தலையில் ஏற்றியிருப்பார்கள். உடனே வாடகை லென்ஸுக்கு அலைவார், முன்பணம் கட்டுவார். அதற்கும் வழியில்லை என்றால் பயணத்தையே அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிடுவார். யாரப்பா சொன்னது என்று கேட்டால், "எல்லாரும் சொல்றாங்க சார்."

எல்லாரும் சொல்வது தப்பு. வாய்ச் சண்டை வேண்டாம், கணக்கே போட்டுப் பார்ப்போம்.

ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். அதில் 600 மி.மீ. லென்ஸைப் பூட்டி 20 மீட்டர் தொலைவில் நிற்கும் யானையைப் பாருங்கள். படத்துக்குள் அடங்குவது 1.2 மீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் உயரமும்தான். வளர்ந்த பெண் யானை தோள் உயரமே ஏழெட்டடி இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது ஒரு கண்ணும் பாதிக் காதும். கிராப் சென்சார் கேமரா என்றால் இன்னும் மோசம், அகலம் 80 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். முதுமலையில் பாதையோரம் மேயும் யானையும் புள்ளிமானும் காட்டுமாடும் பெரும்பாலும் நிற்பது இந்த மாதிரித் தொலைவில்தான். 200 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவருக்கு அதே இடத்தில் 3.6 மீட்டர் அகலம் கிடைக்கும். யானை முழுதாக வரும், அதன் காலடியில் குட்டி நின்றால் அதுவும் வரும்.

அடுத்தது வெளிச்சம். நடைமுறையில் நம்மவர்கள் வாங்குவதும் வாடகைக்கு எடுப்பதும் 150-600 ஜூம். அது 600-இல் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. எஃப் 2.8 திறப்புள்ள 70-200 லென்ஸோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். நீளம் கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும் என்பதால் ஷட்டரையும் மூன்று மடங்கு வேகப்படுத்த வேண்டும். விடிகாலை மரநிழலில் 200 மி.மீ. லென்ஸில் 1/250 நொடி, ஐஎஸ்ஓ 1600 வைத்து எடுக்கக்கூடிய காட்சிக்கு, 600-இல் 1/750 நொடியும் ஐஎஸ்ஓ 24,000-மும் கேட்கும். அப்படி எடுத்த படத்தில் மானின் தோலில் உள்ள புள்ளி எது, சென்சாரின் இரைச்சல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. "லென்ஸிலேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கே சார்" என்பார்கள். அது உங்கள் கை ஆடுவதைச் சரிக்கட்டும். மான் தலையைத் திருப்புவதை அது என்ன செய்யும்? சஃபாரி வண்டியில் ஓடுகிற எஞ்சினின் அதிர்வையும் அது முழுதாக வாங்கிக்கொள்ளாது.

"தூரத்தில் நிற்கிற மிருகத்துக்குத்தானே சார் பெரிய லென்ஸ்?" என்பது கடைசித் தற்காப்பு. வெயில் ஏறிய பிறகு வயல் பக்கம் பாருங்கள். முதுமலையில் வயல் என்றால் காட்டுக்குள் இருக்கும் புல்வெளிச் சதுப்பு. சூடேறிய தரைக்கு மேல் காற்று நெளியும், எரிகிற அடுப்புக்கு அந்தப் பக்கம் தெரியும் சுவர் போல. இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் காட்டுமாட்டுக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது முழுக்க அந்தக் காற்றுதான். லென்ஸ் மாட்டை எவ்வளவு பெரிதாக்குகிறதோ, அவ்வளவு அந்த நெளிவையும் பெரிதாக்கும். எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கண்ணாடியும் இதற்கு விலக்கல்ல. காலையில் பனிமூட்டம் இருந்தாலும் இதே கதைதான். நெளிவுக்குப் பதில் படம் வெளுத்துப் போகும்.

இதையெல்லாம் விட எளிமையான விஷயம் ஒன்று. முதுமலையில் சொந்த வண்டியில் சஃபாரி போக முடியாது, வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். பக்கத்து இருக்கையில் ஒரு குடும்பம் இருக்கும். ஜன்னல் இடம் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். டிரைபாடுக்கு வழியே இல்லை. இரண்டு கிலோ லென்ஸை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பக்கத்தில் இருக்கும் குழந்தையின் நெற்றியில் இடித்துக்கொண்டு என்ன எடுக்கப்போகிறீர்கள்? எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகப் பூங்காக்களில், லென்ஸின் நீளத்தைப் பார்த்துக் கேமராக் கட்டணத்தை ஏற்றும் வழக்கம் வேறு உண்டு.

மா. கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்தவர், இந்தியக் காட்டுயிர்ப் படக்கலைக்கு முன்னோடி. வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தானே இணைத்து ஒரு கேமராவை உருவாக்கி, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கிண்டலாகப் பெயரும் வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். அவர் படங்களில் யானையோடு காடும் இருக்கும். இன்றைக்கு எடுக்கும் படங்களில் முகம் முகமாக வருகிறது. பின்னணி முழுக்க மங்கல், அது முதுமலையா மிருகக்காட்சி சாலையா என்றே தெரிவதில்லை.

பறவை எடுக்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மாயாறு பள்ளத்தாக்கின் மேல் வட்டமிடும் வெண்முதுகுப் பாறுக்கழுகை எடுக்க நீள லென்ஸ் வேண்டும். முதல் தடவை இரண்டு நாள் காடு பார்க்கப் போகிறவருக்கு வேண்டாம்.

மற்றக் கதைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை.

ராணுவ உடுப்பு மாதிரித் திட்டுத்திட்டான சட்டை போட்டால் மிருகம் கிட்டே வரும் என்கிறார்கள். கடகடவென்று ஓடும் வேனுக்குள் நீங்கள் எந்தச் சட்டை போட்டிருந்தால் என்ன? மானுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஆரஞ்சு நிறப் புலியே அதன் கண்ணுக்குப் புதரோடு கலந்துவிடுகிறது.

புலி பார்க்காவிட்டால் போனதே வீண் என்பது இன்னொன்று. அப்படி நினைப்பவர்களோடு ஒரே வண்டியில் போவது தண்டனை. செந்நாய்க் கூட்டம் பாதையைக் கடக்கும்போது "ஐயே, நாய்தானா" என்பார்கள்.

மழைக்காலத்தில் ஒன்றும் கிடைக்காது என்பதும் பொய். கூடலூரை ஒட்டிய மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். மசினகுடி, சீகூர் பக்கம் மழை மறைவுப் பகுதி. ஒரே காட்டுக்குள் இரண்டு வானிலை. மழை கழுவிய இலைப் பச்சையும் தூசியில்லாத காற்றும் கோடையில் கிடைக்காதவை.

மசினகுடிப் பக்கம் "நைட் சஃபாரி" என்று காதில் ஓதுவார்கள். அப்படி ஒன்றுக்கு அனுமதியே கிடையாது. சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம் என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்திருக்கிறது. ராத்திரியில் அங்கே ஜீப் விளக்கைப் போட்டு யானையைத் துரத்திப் படம் எடுப்பவரை நான் புகைப்படக்காரர் என்று சொல்லமாட்டேன். தெப்பக்காடு சாலையில் காரை நிறுத்தி இறங்கி செல்ஃபி எடுப்பவரும் அதே வகைதான்.

சரி, பார்வைக்குத் தடையாக இருப்பது லென்ஸ் இல்லையென்றால் வேறு என்ன? வண்டியில் உட்கார்ந்து இரு பக்கமும் பாருங்கள். பாதையோரமாகக் கொஞ்ச தூரம் வனத்துறை புதர் வெட்டி வைத்திருக்கும். புல் முளைத்து மிருகங்கள் வந்து மேய்வது அங்கேதான். அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பியது போல் உண்ணிச்செடி. ஆங்கிலேயர் காலத்தில் அழகுச்செடியாகக் கொண்டுவந்து நட்டது, புல் முளைக்க வேண்டிய தரையை இன்றைக்கு விழுங்கிக்கொண்டிருக்கிறது. மான் அதைத் தின்பதில்லை. பறவை பழத்தைத் தின்று விதையைப் பரப்புகிறது. மேலாக வெட்டினால் மறுபடி தழைக்கும், வேரோடு எடுத்தால்தான் ஒழியும். இந்தச் சுவருக்குப் பின்னால் நிற்கும் யானையை 600 அல்ல, 1200 மி.மீ. லென்ஸாலும் எடுக்க முடியாது. கூடலூர் சுற்றுவட்டாரப் பழங்குடிக் கலைஞர்கள் இந்தச் செடியின் குச்சிகளைக் கொண்டே ஆளுயர யானைகளைச் செய்தார்கள். 2021-இல் அவை லண்டன் பூங்காக்களில் நின்றன. இதே போல் காட்டை ஆக்கிரமித்திருக்கும், மஞ்சள் பூ பூக்கும் சென்னா மரத்தைக் காகிதக் கூழுக்காக வெட்டி எடுக்கும் வேலையும் முதுமலையில் நடக்கிறது. படம் எடுக்கப் போகிறவர்கள் லென்ஸைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுத்தால் என் வயிற்றெரிச்சல் அடங்கும். போகும்போது உண்ணிச்செடியையும் ஒரு படம் எடுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் இன்னொன்று எடுங்கள். காடு எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு அது சாட்சி.

பயணத்துக்கு இவ்வளவு போதும்: இருக்கிற 70-300, ஒரு சாதாரண 18-55, கூடுதல் பேட்டரி, ஜன்னல் விளிம்பில் வைக்க அரிசி நிரப்பிய துணிப்பை. வண்டி நின்றதும் எஞ்சினை அணைக்கச் சொல்லி ஓட்டுநரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அணைப்பார்கள். லென்ஸ் வாடகைக்கு எடுத்துவைத்த பணத்தில் இன்னும் ஒரு நாள் தங்கிக் காலையும் மாலையுமாக இரண்டு சஃபாரி கூடுதலாகப் போங்கள்.

மைசூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். நீலகிரிக்குள் நுழைய 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். பிப்ரவரிக்குப் பிறகு காடு காய்ந்து தீ அபாயம் கூடினால் சஃபாரியை நிறுத்திவிடுவதும் உண்டு, ஆகவே அறை பதிவு செய்வதற்கு முன்னால் தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.